வழியனுப்பிய கை

சிதம்பரத்தில் யாரைக் கேட்டாலும் நான் லண்டனில் இருப்பதாகச் சொல்லியிருப்பார்கள். அந்தக் குளிர் எனக்கு ஒத்துக்கொண்டதா, அங்கே அரிசி என்ன விலை என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நானோ ஒரு மணி நேர பஸ் தூரத்தில், கடலூர் மஞ்சக்குப்பத்தில், என் அம்மா வீட்டு மாடியறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை பெயர் செந்தமிழ்செல்வன். படிக்கப் போய், வேலை தேடி, பன்னிரண்டு வருஷம் அங்கேயே தாக்குப்பிடித்து, நிரந்தரமாகத் தங்கிக்கொள்ளும் உரிமையை வாங்கியவர். இருப்பது லெஸ்டர் என்ற ஊரில். லெஸ்டர் என்றால் எங்கள் பக்கம் யாருக்கும் விளங்காது என்பதால் மாமா அதை லண்டன் என்றே வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை மூன்று வார லீவில் வந்து தாலி கட்டிவிட்டுத் திரும்பிப் போனார். விசா வந்ததும் நான் பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு.

மாமா என்பது என் மாமனார் ராஜமாணிக்கம். அண்ணாமலை நகர் யுனிவர்சிட்டியில் ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில் சூப்பிரண்டாக இருந்து ரிடையர் ஆனவர். பிள்ளைகள் கொண்டுவரும் வருமானச் சான்றிதழைப் பார்த்து, வரம்பைத் தாண்டியிருந்தால் திருப்பி அனுப்புவது அவர் வேலை. "ஒரு ரூபா கூடினாலும் கூடினதுதான், ரூல்னா ரூலு" என்று இப்போதும் சொல்வார். நல்ல மனிதர்தான். நான் காப்பியில் சர்க்கரை போட மறந்தால் வாய் திறக்காமல் குடித்துவிட்டுப் போவார். ஆனால் பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் பிரேக் பிடிக்காது.

பெண் பார்க்க வந்த அன்றே, "அங்க மேனேஜரா இருக்கான், மாசம் ரெண்டு லட்சத்துக்கு மேல வாங்குறான்" என்றார். சம்பளக் கணக்கு பொய் இல்லை. பவுண்டை ரூபாயாக்கினால் அவ்வளவு வரும். அங்கே வாடகை போக, கரன்ட் போக என்ன மிஞ்சும் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அம்மாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை. எம்.எஸ்சி. படித்து சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. வெளிநாடு போகிற பெண்ணுக்கு இங்கே எதற்கு வேலை என்று மாமா சொன்னார், நானும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பங்குனியில் ஒரு நாள் என் கணவர் போனில், "பேப்பர் எல்லாம் ரெடியாகுது, அடுத்த மாசம் ஆயிடும்" என்றார். மாமாவுக்கு அது போதுமாக இருந்தது. எங்கள் பக்கம் கடல் தாண்டிப் போகும் பெண்ணைச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வீடு கூப்பிட்டு, இலை போட்டு, நெற்றியில் திருநீறு வைத்து, கையில் ஏதாவது கொடுத்துத்தான் அனுப்புவார்கள். விசா கைக்கு வரட்டும், பிறகு விருந்து வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"சித்திர பொறந்துட்டா கல்யாணம் காதுகுத்துன்னு ஆளுங்க கெடைக்க மாட்டாங்கம்மா" என்றார் மாமா. "இப்பவே முடிச்சிடுவோம்."

முடித்தோம். ஒவ்வொரு வீட்டிலும் தின்று தின்று என் ரவிக்கைகள் எல்லாம் பிடிக்க ஆரம்பித்தன. ஊறுகாய், பருப்புப் பொடி, வற்றல் என்று ஆளுக்கு ஒரு டப்பா கட்டிக் கொடுத்ததில் ஒரு பெட்டி நிறைந்துவிட்டது.

கடைசி விருந்து புவனகிரியில், ராசம்மாள் பெரியம்மா வீட்டில். மாமாவுக்கு அக்கா, முறைக்கு எனக்குப் பெரியம்மா. புருஷன் காலமாகி ரொம்ப வருஷம். வெள்ளாற்றை ஒட்டி இருந்த கொஞ்சம் நிலத்தில் தானே இறங்கிப் பயிர் செய்து, பிள்ளையையும் வளர்த்து, தம்பியையும் படிக்க வைத்தவர். அன்றைக்கு நாட்டுக்கோழிக் குழம்பும் இறால் வறுவலும் செய்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினார். அதோடு பாண்டிச்சேரி வரை பஸ்ஸில் போய் வாங்கி வந்த ஒரு அரக்கு நிற ஸ்வெட்டர். புவனகிரி வெயிலில் அதைத் தொட்டாலே உடம்பு எரிந்தது.

கிளம்பும் நேரம் வந்ததும் பெரியம்மா திருநீற்றுத் தட்டை மருமகள் கையில் கொடுத்துவிட்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டார். ஏன் என்று எனக்குப் புரிந்தது. போய் கையைப் பிடித்தேன்.

"நீங்களே வெச்சி விடுங்க பெரியம்மா."

"நான் வேணாம்மா. நல்ல காரியமா போற புள்ள."

"நீங்க வெச்சாத்தான் நான் போவேன்."

இழுத்துக்கொண்டே வந்தேன். படித்தவள் அல்லவா. இந்தக் காலத்தில் போய் இதெல்லாமா என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பெரியம்மா தன் கையால் எனக்குத் திருநீறு பூசினார். அதோடு விட்டேனா, காருக்கு எதிரே வந்து நின்று வழியனுப்ப வேண்டும் என்றும் பிடிவாதம் பிடித்தேன். அப்படி முன்னால் நின்று அவர் யாரையும் அனுப்பியதே இல்லையாம். கார் தெருமுனை திரும்பும்வரை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். அன்று முழுக்க என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம்தான் லெஸ்டரிலிருந்து என் கணவர் போன் செய்தார். மாமா கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டார். அத்தையும் நானும் பக்கத்தில் நின்றோம்.

"அப்பா, விசா இப்ப போட முடியாதுப்பா. பொண்டாட்டியக் கூப்பிட்டுக்கணும்னா வருசத்துக்கு இருபத்தொம்பதாயிரம் பவுண்டு சம்பாதிக்கணும்னு ரூலு."

"உனக்கு எவ்ளோ வருது?"

"இருபத்தி நாலுப்பா."

மாமா தினத்தாளின் ஓரத்தில் பேனாவால் பெருக்கினார். "மாசம் ரெண்டு லட்சத்துக்கு மேல வருதேடா. ஒரு பொண்ணுக்குச் சோறு போட இது பத்தாதா?"

"அவுங்க கணக்குக்குப் பத்தலப்பா."

"எம் பென்சனக் காட்டு. நெலத்தக் காட்டு."

"உங்க வருமானம் செல்லாதுப்பா. பேங்குல பணம் போட்டுக் காட்டலாம், ஆனா அது நம்ம மொத்த நெலத்த வித்தாலும் எட்டாது."

"அருளு வேலைக்குப் போயிருந்துச்சே, அது?" என்று மாமா என்னைக் கை காட்டினார்.

"அதுவும் செல்லாது. இங்க நான் சம்பாதிக்கிறது மட்டுந்தான்."

"இது உனக்கு முன்னாடியே தெரியாதா?"

"ஓவர்டைம் பாத்துக் கூட்டிடலாம்னு நெனச்சேன். ஷிஃப்ட்டக் கொறச்சிட்டாங்க. ஆறு மாசச் சம்பளம் காட்டணும்பா, நடுவுல கொறஞ்சா எல்லாம் கொறஞ்சிடுது. நான் மேனேஜர் எல்லாம் இல்லப்பா. வேர்ஹவுஸ்ல பெட்டி தூக்குறேன்."

மாமா போனை வைத்துவிட்டு அந்தத் தினத்தாளை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். வருமானம் ஜாஸ்தி என்று எத்தனையோ பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவர், வருமானம் கம்மி என்று தன் பிள்ளையை ஒருவன் திருப்பி அனுப்புவான் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டார். எனக்குக் கோபம் வரவேண்டியது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது வெட்கம்தான் வந்தது. பெட்டி தூக்குகிறவர் என்பதில் இல்லை அந்த வெட்கம். நான் அதுவரை என் கணவரிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒரு தடவைகூட அக்கறையாகக் கேட்டதில்லை.

"நடந்ததச் சொல்லிடலாம் மாமா" என்றேன்.

"என்னான்னு சொல்றது? ரெண்டு லட்சம் வாங்குறவனால பொண்டாட்டியக் கூப்பிட்டுக்க முடியலன்னா இந்த ஊருல எவன் நம்புவான்? அவனுக்கு அங்க வேற குடும்பம் இருக்குன்னுவான். இல்லன்னா உங்கிட்ட ஏதோ கொறைன்னுவான். எல்லாரு வீட்டுலயும் தின்னுட்டு வந்திருக்கோமே."

விருந்து தின்றவள் ஊரில் இருக்கக் கூடாது. இப்படித்தான் நான் லண்டன் போனேன்.

போகும் நாளில் ஏர்போர்ட்டுக்கு வேன் பிடித்து எல்லோரும் வருவதாக இருந்தது. அங்கே நிற்க விடமாட்டார்கள் என்று மாமா அவர்களைத் தடுத்தார். தெருவே வந்து காரைச் சுற்றி நின்று கையசைத்தது. கார் புறப்பட்டதும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். கடலூர் வந்ததும் கார் சென்னை ரோட்டில் போகாமல் மஞ்சக்குப்பத்துக்குள் திரும்பியது. அம்மா கேட்டைத் திறந்து வைத்திருந்தாள்.

"கொஞ்ச நாளு தாங்கிக்குங்க, தங்கச்சி" என்றார் மாமா. அம்மாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

என் அம்மா புஷ்பவள்ளி ஊர் வம்புக்குப் பயந்தவள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் எனக்கு அம்மை என்றாள். அம்மை இறங்கியும் நான் வெளியே வராததற்கு உடம்பு தேறவில்லை என்றாள். லண்டனுக்குக் கட்டிய ஊறுகாயையும் பருப்புப் பொடியையும் நானும் அம்மாவும் கடலூரில் உட்கார்ந்து தின்று தீர்த்தோம். எந்த டப்பாவைத் திறந்தாலும் அதைக் கொடுத்தவர் முகம் ஞாபகம் வந்தது.

போன்தான் பெரிய தொல்லை. யார் கூப்பிட்டாலும் நேர வித்தியாசம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அவர் அங்கிருந்து பூங்கா, ரோடு, மழை என்று போட்டோ அனுப்புவார், நான் அதைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவேன். மற்றவர்களாவது எப்போதாவதுதான் விசாரித்தார்கள். ராசம்மாள் பெரியம்மாவிடமிருந்து தினமும் ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். "சாப்ட்டியாம்மா, குளுரு எப்பிடி இருக்கு" என்பார். தான் கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் வீடியோவில் முகத்தைக் காட்டச் சொன்னார். தட்டிக் கழிக்க முடியாமல் ஒத்துக்கொண்டேன்.

அப்போது அக்னி நட்சத்திரம். சத்தம் கேட்கக் கூடாது என்று ஃபேனை நிறுத்தி, வெள்ளைச் சுவரை ஒட்டி உட்கார்ந்து, அந்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டேன். புவனகிரியில் பேரன் போனைப் பிடித்திருந்தான், பெரியம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அளவா இருக்கா?"

"அளவா இருக்கு பெரியம்மா. நல்ல கதகதப்பு."

"மூஞ்சி ஏன் இப்பிடி வேர்த்திருக்கு?"

"இங்க வீட்டுக்குள்ள ஹீட்டர் போட்டிருக்கு."

அந்த நேரம் பார்த்து தெருவில் மீன்காரர் மைக்கில் சங்கரா, சுறா என்று கூவிக்கொண்டு போனார். டிவி ஓடுகிறது என்றேன். "லண்டன் டிவியிலயும் நம்ம மீனு விக்கிறாங்களா" என்று பெரியம்மா சிரித்தார். சந்தேகப்பட்டுச் சிரிக்கவில்லை, சந்தோஷத்தில்தான் சிரித்தார். போனை வைத்ததும் ஸ்வெட்டரைக் கழற்றி வீசிவிட்டு, முகத்தைக் கழுவக் கழுவ எனக்கு அழுகை நிற்கவில்லை.

வைகாசியில் அம்மா திருவந்திபுரம் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாளாம், என்னையும் கூட்டி வருவதாகச் சொல்லி. முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்றாள். கூட்டத்தோடு கூட்டமாகப் போய் வந்துவிடலாம் என்று முகூர்த்த நாளாகவே பார்த்தாள். அங்கே முகூர்த்த நாளில் மலைக்கோயிலில் வரிசையாகக் கல்யாணம் நடக்கும் என்பதும், கடலூர், சிதம்பரம் பக்கத்தில் பாதிப் பேர் அன்றைக்கு அங்கேதான் இருப்பார்கள் என்பதும் கடலூரிலேயே பிறந்த எங்கள் இருவருக்கும் தெரியும். வெளிக்காற்றுக்கு ஏங்கிப் போயிருந்ததில் அது என் மண்டையில் ஏறவில்லை.

மலைப்படியில் பாதி ஏறியிருப்போம். புழுக்கம் தாங்காமல் மாஸ்க்கைக் கீழே இறக்கி மூச்சு விட்டேன். மேலேயிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் இறங்கி வந்தது. அதில் ராசம்மாள் பெரியம்மா.

அவர் என்னைப் பார்த்தார். என் நெற்றியை, கழுத்தை, காலைப் பார்த்தார். முகம் அப்படியே வெளுத்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள், புடவைத் தலைப்பால் தன்னை மூடிக்கொண்டு, சட்டென்று ஓரமாக ஒதுங்கிக் கூட்டத்துக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டார். என் மூஞ்சியில் விழிக்கப் பிடிக்காமல்தான் ஒதுங்கினார் என்று நினைத்தேன். சாமி கும்பிடாமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

மாமாவுக்குப் போன் செய்து சொன்னேன். அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று மூவரும் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை, அந்த வாரமும் இல்லை. பெரியம்மாவின் வாய்ஸ் மெசேஜ் மட்டும் நின்றுபோனது. மாமா கடலூருக்கே வந்தார். முதல் தடவையாக உட்கார்ந்து காப்பி குடித்தார்.

"அக்கா யார்கிட்டயும் சொல்லல. நம்ம மானத்தக் காப்பாத்திடுச்சி" என்றார்.

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அத்தை ராமாமிர்தம் போனில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவர், பேச்சுவாக்கில் சொன்னார்.

"புவனகிரி அக்காவுக்கு என்னா ஆச்சின்னே தெரியல அருளு. மருமவ தங்கச்சிக்கு வளைகாப்பு வச்சாங்க. அக்கா அறையிலேருந்து வெளிய வரவே இல்லியாம். யாரையும் தொட மாட்டேங்குதாம். பேரன் பரீச்சைக்குப் போவ திருநீறு கேட்டிருக்கான், 'எங் கை வேணாம்டா, ஒரு புள்ளயப் போவ விடாமப் பண்ணின கை'ன்னு சொல்லிட்டு அழுவுதாம். ராத்திரியில சாப்பாடும் கெடையாதாம்."

பெரியம்மா எங்கள் மானத்தைக் காப்பாற்றுவதற்காகப் பேசாமல் இருக்கவில்லை. தன் கைபட்டதால்தான், தான் எதிரே நின்றதால்தான் என் பயணம் தடைப்பட்டது என்று நம்பி, அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே முடங்கிவிட்டார். படியில் ஒதுங்கியதும் என் கண்ணில் தான் மறுபடி படக் கூடாது என்றுதான். அந்தக் கையைப் பிடித்து இழுத்து வந்தவள் நான்.

மாமாவைக் கூப்பிட்டேன். "நீங்க போயி பெரியம்மாகிட்ட நடந்ததச் சொல்லுங்க மாமா."

"சொல்லலாம்மா. அவன் இன்னொரு எடத்துல வேலைக்கு எழுதிப் போட்டிருக்கான். அது ஆவட்டும்..."

"அது வரைக்கும் அவுங்க சாப்புடாம இருக்கணுமா?"

"நான் எப்பிடிம்மா அக்கா மூஞ்சியப் பாத்து சொல்லுவேன். என்னைப் படிக்க வெச்சது அது. எம் புள்ளைக்கு வரும்படி பத்தலன்னு அதுகிட்ட..."

"அப்ப நான் போறேன்."

"வேணாம்மா. யாராச்சும் பாத்துடுவாங்க. கொஞ்சம் பொறுத்துக்க" என்று கெஞ்சினார். நான் போனை வைத்துவிட்டேன். பெரியவரிடம் அப்படி நடந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

குறிஞ்சிப்பாடி வழி பஸ்ஸில் ஏறினால் சிதம்பரத்தைத் தொடாமலே புவனகிரியில் இறங்கலாம். அம்மா அதைத்தான் சொன்னாள். நான் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். மாஸ்க் போடவில்லை. பஸ் நிலையத்தில் இறங்கியபோது காலை பதினொரு மணி வெயில். பூக்கடை பட்டம்மாள்தான் முதலில் பார்த்தார். நான் கிளம்பிய அன்று எனக்கு மல்லிகைப் பூ கொடுத்துக் காசு வாங்காதவர்.

"அடடே, லண்டன் பொண்ணு. எப்ப வந்த?"

"நான் போவவே இல்லக்கா" என்றேன்.

பட்டம்மாளின் கை நாரிலேயே நின்றது. பக்கத்தில் பழக்கடையில் இருந்தவரும் நிமிர்ந்து பார்த்தார். காதெல்லாம் சுட்டது. ஓடிப் போய் ஏதாவது பஸ்ஸுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. நின்று, புவனகிரி பஸ் எங்கே என்று அவரிடமே கேட்டு, நடந்து போய் ஏறினேன்.

பெரியம்மா இளைத்துப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார். கதவை மறித்துக்கொண்டு, அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். லண்டன் இல்லை, லெஸ்டர். மேனேஜர் இல்லை, வேர்ஹவுஸ். இருபத்தொன்பது வேண்டும், இருபத்து நாலுதான் வருகிறது. விருந்துக்கு முன்னாலேயே இது இப்படித்தான் இருந்தது, எங்களுக்குத்தான் தெரியாது.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"என்னைத் தேத்தறதுக்குச் சொல்ற. மாசம் ரெண்டு லட்சம் வருது, அது பத்தாதுன்னு எந்த ஊருலயாச்சும் சொல்லுவாங்களாம்மா? எங் கைதான். எனக்குத் தெரியும். நீதான் கேக்காம இழுத்த."

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். போனில் இருந்த விதிகளை எடுத்துக் காட்டினேன். அவருக்கு அது வெறும் இங்கிலீஷ். யாரும் நம்ப மாட்டார்கள் என்று மாமா சொன்னது சரியாகிவிட்டதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்போது வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

மாமா. பஸ் நிலையத்திலிருந்து யாரோ அதற்குள் அவருக்குப் போன் செய்திருக்க வேண்டும். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீயாச்சும் சொல்லுடா மாணிக்கம்" என்றார் பெரியம்மா. "எங் கைதானே?"

மாமா என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. அவர் ஆமாம் என்று தலையசைத்தால் எல்லாம் முடிந்துவிடும். விதி என்று ஊர் ஒத்துக்கொள்ளும், அவர் மானமும் தப்பிக்கும். அந்தக் கணக்கு அவர் மனதுக்குள் ஓடியது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் புரிந்தது.

"இல்லக்கா" என்றார். "எம் புள்ளைக்கு வரும்படி பத்தல. நம்ம ஊருல அது பெருசு. அந்த ஊரு ரூலுக்கு அவன் கம்மி. எத்தினி பசங்க சர்ட்டிபிகேட்ட நான் இப்பிடிப் பாத்திருக்கேன், ஒரு கோடு போட்டு வெச்சிருப்பாங்கக்கா. அவன் அந்தக் கோட்டுக்குக் கீழ நிக்கிறான். நான் ஊரு பூரா பெரும அடிச்சிக்கிட்டேன். சொல்ல வெக்கமா இருந்திச்சி. அதான் இந்தப் புள்ளய ஒளிச்சி வெச்சேன்."

பெரியம்மா தம்பியின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். என்னிடம் நம்பாததை அந்த முகத்தில் நம்பினார்.

"உன் வெக்கத்துக்காடா" என்றார் மெதுவாக, "நான் இத்தினி நாளு என் கையப் பாத்துப் பாத்து அழுதுகிட்டு கெடந்தேன்."

மாமா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். அறுபது தாண்டிய மனிதர், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். யாரும் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. அதற்கு எனக்கு யோக்கியதையும் இல்லை. நானும்தானே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பெரியம்மாவின் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து பெரியம்மா எழுந்து போய் மூன்று இலை கொண்டு வந்து போட்டார். மூன்றாவது அவருக்கு. "இது விருந்து இல்ல. வெறும் சோறும் கத்திரிக்கா கொழம்பும். என்னிக்கு நெசமா போறாளோ அன்னிக்கு வெக்கிறேன் விருந்து" என்றார். மாமா தலையைத் தூக்காமல் சாப்பிட்டார்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். மாமா ஸ்கூட்டரை எடுத்து வாசலில் நிறுத்தினார். நான் பெரியம்மாவின் காலைத் தொட்டு எழுந்தேன். பழக்கதோஷத்தில் அவர் மருமகளைக் கூப்பிட வாயெடுத்தார், கூப்பிடவில்லை. இந்தத் தடவை நான் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. அவராகவே மாடத்திலிருந்து திருநீற்றுத் தட்டை எடுத்து வந்தார்.

"எங்க போற?" என்று கேட்டார்.

"சிதம்பரத்துக்கு. மாமா வீட்டுக்கு."

"நெசமாத்தானே?"

"நெசமாத்தான் பெரியம்மா."

"சரி. போயிட்டு வா" என்று என் நெற்றியில் பூசினார்.